ஃபீனிக்ஸ் வெயிலிலிருந்து தப்ப, இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் குடியிருக்க ஏற்ற ஊர் எது?

கேள்வி: கள்ளிச்செடி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போது சொந்த வீடு வாங்கும் எண்ணம் வந்திருக்கிறது. வாங்குவதென்றால் இந்த வெயிலுக்குள்ளேயேதான் வாங்க வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. எனக்குக் குடியுரிமை கிடைத்த பிறகு அப்பாவை ஊரிலிருந்து நிரந்தரமாக அழைத்துக்கொண்டோம். அவருக்கு வயது 74; தென்காசிப் பக்கத்துக்காரர். ஆனியிலும் ஆடியிலும் சாரல் காற்றில் நடந்து பழகியவருக்கு, இங்கு அதே மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்குக்கூட வாசலில் நிற்க முடியவில்லை. மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் முடியும் வரை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

2023 ஜூன் 30 தொடங்கி 31 நாள்கள் இடைவிடாமல் 110 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியசைத் தொட்டோ தாண்டியோ இந்த நகரம் கொதித்தது. அடுத்த ஆண்டில் 113 நாள்கள் தொடர்ந்து பகல் உச்ச வெப்பம் 100 டிகிரிக்குக் குறையாமல் இருந்தது. இனிமேல் வெயில் தணியும் என்று நம்பிக் காத்திருப்பதில் பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் வாரத்தில் மூன்று நாள்கள் சாண்ட்லர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். மனைவிக்கு முழுவதும் வீட்டிலிருந்தே வேலை. மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு, ஆகையால் நல்ல மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும். விசாரித்தவர்கள் எல்லோரும் பிரெஸ்காட், பேசன், ஃபிளாக்ஸ்டாஃப் என்ற மூன்று பெயர்களையே சொல்கிறார்கள், ஆனால் சொல்பவர்களில் பெரும்பாலோர் வார இறுதியில் போய் வருபவர்கள். அங்கே ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களிடமிருந்து கேட்க விரும்புகிறேன்.

பதில்: மலைச்சரிவு

வணக்கம் தம்பி. நாங்கள் பிரெஸ்காட்டை ஒட்டிய பிரெஸ்காட் வேலி என்ற ஊரில் குடியிருக்கிறோம். அதற்கு முன்பு உங்களைப் போலவே சாண்ட்லரில்தான் இருந்தோம். ஊரின் பெயரைச் சொல்வதற்கு முன், தேடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாநிலத்தில் குளிர்ச்சியைத் தருவது உயரம். திசையும் தொலைவும் அல்ல. வடக்கே போகப் போகக் குளிரும் என்று நினைத்துக்கொண்டு பலர் வரைபடத்தில் ஊர் தேடுகிறார்கள். அரிசோனாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பமான 128 டிகிரி, 1994 ஜூன் 29 அன்று, ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் லேக் ஹவாசு சிட்டியில் பதிவானது. வடக்கே இருந்தும் அது ஃபீனிக்ஸைவிடத் தாழ்வான நிலம். அதேபோல் கேம்ப் வெர்டியும் காட்டன்வுட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வடக்கே இருந்தாலும் 3,000 அடியைச் சற்றே தாண்டிய பள்ளத்தாக்கில் இருப்பதால், ஜூலை மதியத்தில் அங்கே 100 டிகிரி சர்வ சாதாரணம். செடோனாவின் செம்பாறைகளைப் பார்த்து அதைக் குளிர்ந்த மலையூர் என்று எண்ணி வருபவர்கள் கோடையில் ஏமாந்து போவார்கள். அங்கும் மதியம் 95 டிகிரிக்கு மேல் போகும்.

ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 4 டிகிரி பாரன்ஹீட் குறையும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் ஜூன் மதியங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாதத்தின் சராசரிப் பகல் உச்சம் 106. பிரெஸ்காட் 5,400 அடி. அங்கே 90 டிகிரியை ஒட்டி நிற்கும். ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி, 82 டிகிரி. எந்த ஊரின் பெயர் காதில் விழுந்தாலும் முதலில் அதன் உயரத்தைப் பாருங்கள். பாதிப் பெயர்கள் அப்போதே உதிர்ந்துவிடும்.

ஆனால் எங்கள் வாழ்க்கையை மாற்றியது பகல் வெப்பம் அல்ல, இரவுதான். பிரெஸ்காட் வேலியிலும் ஜூன் மதியம் மூன்று மணிக்கு வெயில் சுள்ளென்றுதான் அடிக்கும்; உயரம் கூடுவதால் தோலில் படும் வெயிலும் கடுமையாக உறைக்கும். ஆயினும் சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில் காற்றின் வெப்பம் இறங்கத் தொடங்கிவிடும். இரவு ஒன்பது மணிக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, காலை எட்டு மணிக்கு மூடித் திரைச்சீலைகளை இழுத்துவிட்டால், மதியம் இரண்டு மணி வரை ஏசி இல்லாமலேயே வீடு தாங்கும். பழைய வீடுகள் பலவற்றில் ஏசிக்குப் பதிலாக, நனைந்த பட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளும் கூலர்தான் கூரைமேல் இருக்கும். காற்று உலர்ந்திருக்கும் ஜூனில் அது போதுமானது. ஜூலையில் பருவமழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும் அதன் திறன் பாதியாகிவிடும். ஆகையால் வீடு பார்க்கும்போது கூரைமேல் இருப்பது கூலரா ஏசியா என்று கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஏற்ற நடைபாதை இங்கே இருக்கிறது. வாட்சன் ஏரியின் ஓரமாகப் பழைய ரயில் பாதையைப் பெயர்த்து அமைத்த பீவைன் என்ற பாதை உண்டு. ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே முழங்காலுக்குச் சிரமமில்லாமல் நடக்கலாம். ஜூலையிலும் காலை ஆறு மணிக்கு மெல்லிய மேலாடை போட்டுக்கொண்டு நடப்பவர்களை அங்கே பார்க்கலாம். யவப்பாய் ரீஜனல் மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் நிறையக் குடியேறிய பகுதி இது. முதியவர்களுக்கான வசதிகள் இருப்பதற்கு அது காரணம்; சிறப்பு மருத்துவரைப் பார்க்க நாள் கிடைக்காமல் காத்திருக்க நேர்வதற்கும் அதுவே காரணம். பள்ளியைப் பொறுத்தவரை, சாண்ட்லரில் உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய பேசிஸ் பள்ளியின் கிளை பிரெஸ்காட்டிலும் உண்டு.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரெஸ்காட்டிலிருந்து சாண்ட்லர் நூறு மைலுக்கு மேல்; தடையில்லாமல் போனாலே இரண்டு மணி நேரம் ஆகும். 17ஆம் எண் நெடுஞ்சாலையில் பிளாக் கேன்யன் சிட்டியிலிருந்து சன்செட் பாயின்ட் வரை உள்ள ஏற்றத்தில் ஒரு லாரி கவிழ்ந்தால் சுற்றிப் போக வசதியான மாற்று வழி இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில் ஃபீனிக்ஸே மலைக்கு ஏறுவதுபோல் இருக்கும். ஞாயிறு மாலையில் அத்தனை பேரும் இறங்குவார்கள். வாரம் ஒரு நாள் என்றால் போய் வரலாம். மூன்று நாள்கள் என்றால், ஒரே ஆண்டில் உங்கள் உடம்பும் குடும்பமும் களைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அலுவலகத்தில் பேசி நாள்களைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வீடு பார்ப்பது அதற்குப் பிறகு வர வேண்டியது.

பதில்: பைன்மரநிழல்

நான் ஃபிளாக்ஸ்டாஃபில் பல்கலைக்கழகத்தில் பணிபுரிகிறேன். வெப்பத்திலிருந்து முழுவதும் விடுபட வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் எங்கள் ஊருக்கு இணை இல்லை. இங்கே அதிகாரப்பூர்வமாக 100 டிகிரி ஒருமுறைகூடப் பதிவானதில்லை. ஜூலை இரவுகளில் போர்வை வேண்டும். கோடையில் உங்கள் அப்பா நாள் முழுவதும் பைன் மரங்களுக்கு அடியில் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள். ஏறத்தாழ 90 அங்குலம் பனி பெய்யும் ஊர் இது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை நள்ளிரவிலிருந்து காலை ஏழு மணி வரை தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது. பனியை அள்ளும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும் என்பதற்காக நகராட்சி விதித்திருக்கும் கட்டுப்பாடு அது. வீட்டு வாசலில் விழும் பனியை நாம்தான் தள்ள வேண்டும். பகலில் உருகி இரவில் உறைந்த கண்ணாடிப் பனியில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கோடையில் நான்கு மாதங்கள் அடைந்து கிடப்பவரைக் குளிர்காலத்தில் நான்கு மாதங்கள் அடைத்து வைப்பதாக அது முடியக்கூடும். மேலும் 6,900 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இரத்த அழுத்தமோ நுரையீரல் தொல்லையோ உள்ளவர்கள் குடியேறுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டு விலையும் சாண்ட்லரைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபீனிக்ஸ்காரர்கள் கோடை வீடாக வாங்கிப் போடுகிறார்கள், மாணவர்களுக்கு வாடகை வீடுகள் தேவைப்படுகின்றன, சுற்றிலும் தேசிய வனம் இருப்பதால் ஊர் பரவ இடமும் இல்லை; இங்கேயே வேலை செய்யும் ஆசிரியர்களும் செவிலியர்களும் வீடு வாங்க முடியாமல் திணறுவது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையூர்களில் காட்டுத்தீயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தீக்குப் பின் வரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 2019 ஜூலையில் எங்கள் ஊருக்கு வடக்கே மியூசியம் தீ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ எரிந்தது. தீ வீடுகளை நெருங்குவதற்கு முன் அணைக்கப்பட்டுவிட்டது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். மரமும் புல்லும் போன சரிவில் வெந்துபோன மண் தண்ணீரை உறிஞ்சாது. 2021 பருவமழையில், சாதாரணமாக ஓடைக்குள் அடங்கியிருக்க வேண்டிய மழை, சாம்பலும் சேறும் கலந்த கறுப்பு வெள்ளமாகத் தெருக்களுக்குள் புகுந்தது. மணல் மூட்டைகளை வாசலுக்கு வாசல் அடுக்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கோடை அது. தீ எரிந்த இடத்தையும் வெள்ளம் வந்த தெருவையும் வரைபடத்தில் பார்த்தால் அவை வேறு வேறு இடங்கள். ஆகையால் ஒரு வீட்டைப் பார்க்கும்போது அதன் அருகில் காடு இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு மேல்புறச் சரிவில் கடந்த சில ஆண்டுகளில் எங்கே தீ எரிந்தது, அங்கிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதையும் பாருங்கள். வீட்டுக் காப்பீட்டில் இத்தகைய வெள்ளம் பொதுவாக அடங்காது. கூட்டரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்கினாலும், வழக்கமாக முப்பது நாள்கள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். மேகம் திரண்ட பிறகு வாங்கினால் பயனில்லை.

பதில்: பீலைன்

பேசனைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். சாண்ட்லரிலிருந்து பார்த்தால் மூன்றில் மிகவும் அருகில் இருப்பது பேசன்தான். உங்கள் ஊரின் அரிசோனா அவென்யூ என்பதே 87ஆம் எண் மாநிலச் சாலை. அதுவே மேசாவைத் தாண்டிப் பீலைன் நெடுஞ்சாலையாகி பேசனுக்கு ஏறுகிறது. ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போய்விடலாம். ஊர் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், மொகியோன் ரிம் என்ற மலைவிளிம்புக்குக் கீழே இருக்கிறது. ஜூலைப் பகலில் 90 டிகிரியைச் சற்றுத் தாண்டும். இரவில் 60களுக்கு இறங்கும். பனி பெய்தாலும் ஓரிரு நாள்களில் உருகிவிடும்.

குறைகளும் உண்டு. ஊர் சிறியது; சிறிய மருத்துவமனைதான் இருக்கிறது, பெரிய சிகிச்சைக்குக் கீழே இறங்கியாக வேண்டும். 2020 ஜூனில் புஷ் தீ 1,90,000 ஏக்கருக்கு மேல் எரித்தபோது இந்தச் சாலையையே மூட வேண்டியதாயிற்று. அப்போது நாங்கள் கீழே வருவதற்குச் சுற்றிக்கொண்டு வந்தோம். தண்ணீரைப் பொறுத்தவரை, ரிம்முக்கு மேலே உள்ள சி.சி. கிராகின் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாக வரும் நீர் கிடைத்த பிறகு பேசனின் நிலை திடமாகியிருக்கிறது. அதற்கு வடக்கே இருக்கும் பைன், ஸ்ட்ராபெரி ஆகிய சிற்றூர்கள் இன்னும் குளிர்ச்சியானவை, அழகானவை. ஆனால் அங்கே வீடு வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பற்றி மிகவும் கவனமாக விசாரிக்க வேண்டும்.

பதில்: வாய்க்கால்கரை

மேலே எழுதியவர்களின் கருத்துகளை மதிக்கிறேன். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், ஆறாம் வகுப்பு மகள், 74 வயது அப்பா என்ற நிலையில் நூறு மைல் தள்ளிப் போவது சரியான தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. நகரத்துக்குள்ளேயே வெப்பம் ஒரே அளவாக இல்லை என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

ஃபீனிக்ஸை இந்த அளவுக்குக் கொடுமையாக்கியது பாலைவனம் மட்டும் அல்ல, தாரும் கான்கிரீட்டும்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சாலையும் சுவரும் அதை இரவெல்லாம் வெளியே விடுகின்றன. 2023 ஜூலையில் 16 நாள்கள் தொடர்ந்து இரவிலும் விமான நிலைய அளவுமானியில் வெப்பம் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஜூலை 19 அன்று விடியற்காலையின் மிகக் குறைந்த அளவே 97 டிகிரி. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அடங்கிய மாவட்டமான மாரிகோப்பா கவுண்டியில் வெப்பம் தொடர்பான இறப்புகள் 645 என்று கணக்கிடப்பட்டது. வெட்டவெளியில் வாழ்ந்தவர்களோடு, ஏசி பழுதாகி வீட்டுக்குள்ளேயே இறந்த முதியவர்களும் அதில் உண்டு. உங்கள் அப்பா எங்கே இருந்தாலும், முதன்மை ஏசி நின்றுபோனால் ஓர் அறையையாவது குளிர்விக்கக்கூடிய தனிக் கருவி ஒன்று வீட்டில் தயாராக இருக்க வேண்டும். இதை மட்டும் இன்றே செய்துவிடுங்கள்.

இனி இடத்துக்கு வருகிறேன். வட-மத்திய ஃபீனிக்ஸ், ஆர்கேடியா, டெம்பி, மேசா ஆகியவற்றின் பழைய பகுதிகளில், முன்பு ஆரஞ்சுத் தோப்பாகவோ வயலாகவோ இருந்த நிலத்தில் கட்டிய வீடுகளுக்கு வாய்க்கால் பாசன உரிமை இன்னும் இருக்கிறது. கோடையில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் முறை வரும். அது பெரும்பாலும் நள்ளிரவாக இருக்கும். டார்ச் விளக்குடன் போய்த் தோட்டத்து மூலையில் இருக்கும் வால்வைத் திருகித் திறந்தால், வரப்புக் கட்டிய புல்வெளி முழுவதும் சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நம் ஊர்க் கழனியில் மடை திறப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. இப்படிப் பாயும் தண்ணீரில் வளர்ந்த பெரிய மரங்களின் கீழே காலை நேரம் பிரதான சாலையை ஒப்பிட்டால் தெளிவாகவே குளிர்ந்திருக்கிறது. என் மாமியார் ஜூலையிலும் ஐந்தரை மணிக்கு அந்தத் தெருக்களில் நடக்கிறார். இதனால் 106 டிகிரி 90 ஆகிவிடாது. நிழலும் ஈரமண்ணும் இருக்கும் தெருவுக்கும், சரளைக்கல் கொட்டி இரண்டு பனைமரம் நட்ட புதிய குடியிருப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் வீடு வாங்குபவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நகரத்தின் வடக்கு விளிம்பில் கேவ் கிரீக், கேர்ஃப்ரீ ஆகிய ஊர்கள் 2,000 அடிக்கு மேல் இருக்கின்றன. பகலில் நான்கைந்து டிகிரிதான் குறையும். ஆனால் நகரத்தின் கான்கிரீட் அங்கே இல்லாததால் இரவில் வேறுபாடு கூடுதலாகத் தெரியும்.

மறுமொழி: கள்ளிச்செடி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தனி ஏசி கருவி ஒன்றை அப்பாவின் அறைக்கு வாங்கிவிட்டோம். அலுவலகத்தில் பேசியதில், வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்ற ஏற்பாட்டுக்கு அடுத்த ஆண்டு முதல் வாய்ப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். அது உறுதியானால் பிரெஸ்காட் பக்கமோ பேசனோ என்று முடிவெடுக்க நினைக்கிறேன். ஃபிளாக்ஸ்டாஃபின் பனி அப்பாவுக்கு ஏற்றதல்ல என்பது புரிந்தது.

இணையத்தில் பார்க்கும்போது, பிரெஸ்காட் வேலிக்கு வெளியே ஓரிரண்டு ஏக்கர் நிலத்துடன் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகள் ஊருக்குள் இருப்பவற்றைவிட மலிவாகத் தெரிகின்றன. இவற்றை வாங்கலாமா? காப்பீடு கிடைப்பதில் சிக்கல் என்று பலரும் சொல்வது உண்மையா?

பதில்: கிணற்றடி

ஐயா, நான் பிரெஸ்காட் அடங்கிய யவப்பாய் கவுண்டியில் வீடு, மனை தொடர்பான தொழிலில் இருக்கிறேன். தாங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும்தான் இங்கே எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானவை.

அரிசோனாவின் 1980ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, ஃபீனிக்ஸ், பிரெஸ்காட் போன்ற கண்காணிப்புப் பகுதிகளில் புதிய மனைப்பிரிவு போடுபவர், நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று மாநில நீர்வளத் துறையிடம் நிறுவிக் காட்ட வேண்டும். ஆனால் ஆறு மனைகளோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது மனைப்பிரிவு. ஒரு நிலத்தை ஐந்து துண்டுகள் வரை பிரித்து விற்றால் இந்த விதி பொருந்தாது. இப்படிப் பிரித்து, பிரித்ததை வாங்கியவர் மீண்டும் பிரித்து, நூற்றுக்கணக்கான வீடுகள் எழும்பிய இடங்கள் உண்டு. ஸ்காட்ஸ்டேலை ஒட்டிய ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் அதற்குக் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு. அங்கே பல வீடுகளுக்கு லாரியில்தான் தண்ணீர் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகராட்சி தன் குழாயிலிருந்து அந்த லாரிகள் நிரப்புவதை நிறுத்தியதும், புத்தம் புதிய வீடுகளில் இருந்தவர்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டு மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றும் நிலை வந்தது. மலிவு விலைக்குப் பின்னால் இது இருக்கலாம்.

ஆகையால் கிணறு உள்ள வீடென்றால், அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். 55 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொண்டு நீர்வளத் துறையின் இணையப் பதிவேட்டில், எத்தனை அடி தோண்டினார்கள், தோண்டியபோது தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பதைப் பார்க்கலாம். பழைய எண்ணை மட்டும் நம்பாமல், இன்று தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கிணற்று ஆளை வைத்து அளந்து, சில மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதே உங்களுக்கு வேண்டிய விடை. அருகிலுள்ள கிணறுகளின் பதிவையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அண்மையில் ஆழப்படுத்தியிருந்தால் அடுத்த முறை தங்களுடையதாக இருக்கலாம். நான்கைந்து வீட்டுக்கு ஒரே கிணறு என்றால், மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற எழுத்து ஒப்பந்தம் இல்லாத வீட்டைத் தொடவே தொடாதீர்கள். என் கருத்தைக் கேட்டால், முதியவரும் குழந்தையும் உள்ள குடும்பம், ஊராட்சிக் குழாய் இணைப்பு உள்ள சிறிய வீட்டைக் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவதே நல்லது.

காப்பீட்டுச் சிக்கல் உண்மைதான். காட்டை ஒட்டிய வீடுகளுக்குச் சில நிறுவனங்கள் புதிதாகக் காப்பீடு தர மறுக்கின்றன. சில, இருப்பதைப் புதுப்பிக்காமல் விடுகின்றன. தருபவையும் கட்டணத்தை ஏற்றுகின்றன. இந்த மாநிலத்தில் வழக்கமாகப் பயன்படும் விற்பனை ஒப்பந்தத்தில், வாங்குபவர் வீட்டைச் சோதிக்கப் பத்து நாள்கள் தரப்படும். பலர் அந்த நாள்களைக் கூரையையும் குழாயையும் பார்ப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். முதல் நாளே காப்பீட்டு முகவரை அழைத்து, முகவரியைச் சொல்லி, கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தப் பத்து நாளுக்குள் முன்பணத்தை இழக்காமல் விலகிக்கொள்ளலாம். விற்பவரிடம் கடந்த ஐந்து ஆண்டுகளின் காப்பீட்டுக் கோரிக்கை விவரத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டை நேரில் பார்க்கும்போது கூரையின் ஓரத் தகரக் கால்வாயில் பைன் ஊசிகள் குவிந்திருக்கின்றனவா, சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறார்களா, கூரைக்கு அடியில் உள்ள காற்றோட்டத் துளைகளில் நெருக்கமான உலோக வலை இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளைப் பற்ற வைப்பது தீயின் நாக்கு அல்ல, அதற்கு முன்பே காற்றில் பறந்து வரும் கங்குகள்தான். தெருவிலிருந்து வெளியேற ஒரே வழிதான் இருக்கிறதா, இரண்டா என்பதையும் கேளுங்கள். 2013 ஜூன் 30 அன்று யார்னெல் காட்டுத்தீயில் பிரெஸ்காட் தீயணைப்புத் துறையின் 19 வீரர்களை இழந்த பகுதி இது. அதற்குப் பிறகு இங்கே பல தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் புதர் வெட்டுகிறார்கள். அப்படி வெட்டும் தெருவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பதில்: மலைச்சரிவு

கிணற்றடி அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட விட வேண்டாம் தம்பி. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அக்டோபரிலோ மார்ச்சிலோ வந்து வீடு பார்க்காதீர்கள். அப்போது இங்கே எல்லா வீடுகளும் சொர்க்கமாகத்தான் தெரியும். பருவமழைக்கு முந்தைய ஜூன் கடைசி இரண்டு வாரங்கள்தான் எங்கள் கோடையின் உச்சம். தீ அபாயமும் அப்போதுதான் மிகுதி. அந்த நாள்களுக்குப் பிரெஸ்காட்டில் ஒரு வாரம், பேசனில் ஒரு வாரம் என்று வாடகை வீடு எடுத்து, அப்பாவையும் அழைத்து வாருங்கள். அலுவலகம் போக வேண்டிய நாளில் அங்கிருந்தே கிளம்பிப் போய் வாருங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் மாலை ஐந்து மணிக்கு அவரால் உட்கார முடிகிறதா, இரவில் ஏசி இல்லாமல் தூக்கம் வருகிறதா, அந்த உயரத்தில் நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று அவரிடமே கேளுங்கள். வாரக் கடைசியில் மளிகைச் சாமான்களும் மாரிகோப்பா என்ற ஊரில் இருக்கும் மகா கணபதி கோயிலும் எவ்வளவு தூரம் போய்விட்டன என்பதும் அப்போது தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் நான் அலுவலகம் போகும் நாளில் சாண்ட்லரிலிருந்துதான் வருகின்றன.

ஜூன் வாடகை வீடுகள் விரைவில் நிரம்பிவிடும். ஜூலை நான்காம் தேதியை ஒட்டிப் பிரெஸ்காட்டில் ரோடியோ என்ற குதிரை, காளை அடக்கும் விழா நடக்கும் வாரத்தில் அறை கிடைப்பதே கடினம். ஆகையால் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குப் பனிக்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். நாங்களும் ஊரில்தான் இருப்போம். அப்பாவைப் பீவைன் பாதைக்கு நான் அழைத்துப் போகிறேன்.